குழந்தை உடம்பில் சிவந்த கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்கள் பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நர்சம்மா?" என்பார்கள். ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை; இப்போது போனில் போட்டோவாக வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு இதில் இருக்காது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை தானாக அடங்குபவை; ஒன்று மட்டும் அரிது, ஆனால் ஆபத்தானது. இரண்டையும் சொல்கிறேன். எப்போது பயப்பட வேண்டாம், எப்போது அன்றைக்கே பஸ் ஏற வேண்டும், கட்டி அடங்கிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும், இவ்வளவுதான்.

"பொறக்கும்போது ஒண்ணும் இல்ல. இருபது நாள் கழிச்சு முதுகுல செவப்பா ஒரு பொட்டு. நாளுக்கு நாள் பெருசாகுது. பயமா இருக்கு."

பெரும்பாலும் இது சிசு ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய்ச் செல்கள் பெருகி உண்டாகும் சாதாரணக் கட்டி, புற்று இல்லை. 100 குழந்தைகளில் 4, 5 பேருக்கு வரும். பெண் பிள்ளைகளுக்கும், குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் கூடுதல். கோவைப்பழத் தோல் மாதிரி பளிச்சென்று சிவந்து, ஓரம் தெளிவாக, தொட்டால் மெத்தென்று இருக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் மளமளவென்று வளரும். மூணு மாதத்தில் வளர வேண்டியதில் பெரும்பகுதி வளர்ந்துவிடும். ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல வெளுத்துச் சுருங்க ஆரம்பிக்கும். நாலு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடங்கிவிடும். முதுகில், வயிற்றில் இருக்கும் சின்னப் பொட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம்.

ஆனால் கண் இமை, மூக்கு நுனி, உதடு, இடுப்புக்குக் கீழே டயபர் உரசும் இடம் என்றால் காத்திருக்கக் கூடாது. இமையை அழுத்தினால் பார்வை மங்கும். உதட்டில் புண்ணாகிவிட்டால் பால் குடிக்க முடியாது. ஆண்களுக்குத் தாடி முளைக்கிற பகுதியில் படர்ந்து இருந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் ஒன்று இருக்கலாம். பிள்ளை மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே ஆஸ்பத்திரி.

"அப்போ நீங்க சொல்ற அந்த அரிய கட்டி எது? பார்த்தா வித்தியாசம் தெரியுமா?"

அதன் பெயர் நீளம்: கபோசிஃபார்ம் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா. டாக்டர்கள் சுருக்கி கேஎச்இ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். 1993-ல்தான் இதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். அதுவரை மற்ற ஹெமாஞ்சியோமாக்களோடு ஒரே கணக்கில் கிடந்தது. டஃப்டட் ஆஞ்சியோமா என்பது இதற்குத் தங்கச்சி மாதிரி, சற்று மேலோட்டமானது.

நிறம்தான் முதல் அடையாளம். இது கோவைப்பழச் சிவப்பு இல்லை. நாவல்பழம் நசுங்கினால் ஒரு கருநீலம் வருமே, அந்த நிறம். அடிபட்டுக் கன்றிப்போனது போலத் தெரியும். ஓரம் எங்கே முடிகிறது என்று விரலுக்குப் பிடிபடாது. தொட்டால் கெட்டியாக, சூடாக இருக்கும். பிறக்கும்போதே இருக்கலாம், முதல் சில மாதங்களில் வரலாம். தொடை, தோள், கழுத்து, முதுகு, வயிற்றின் உள்பக்கம் என்று எங்கும் வரும்.

வருடத்துக்கு 10 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் வருகிறது என்பது அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் போட்ட கணக்கு. நான் என் வேலைக் காலத்தில் பார்த்தது ஒன்றே ஒன்று. அதையும் தவறவிட்டேன். ஏழு வாரப் பிள்ளை, இடது தொடையில் உள்ளங்கை அளவுக்கு ஊதா. "மச்சம்தான், ரெண்டு வயசுல மங்கிடும்" என்று நான்தான் அந்தத் தாயிடம் சொன்னேன். பதினோராம் நாள் தொடை பானை மாதிரி வீங்கி, பிள்ளையை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) 9,000. இந்தப் பக்கத்தை நான் எழுத அதுதான் காரணம்.

"எந்த அறிகுறி வந்தா அன்னைக்கே கிளம்பணும்?"

கட்டி திடீரென்று வீங்கி, இறுகி, பளபளத்து, நிறம் கறுத்தால். உடம்பில் வேறு இடங்களில் கடுகு தூவினது போலச் சிவப்புப் புள்ளிகள் வந்தால். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், பிள்ளை வெளுத்துப் போய்ப் பால் குடிக்காமல் துவண்டால். இதில் ஒன்று போதும். சிவப்புப் புள்ளியா கொசுக்கடியா என்று சந்தேகம் வந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். கொசுக்கடிச் சிவப்பு அழுத்தினால் மறையும், தோலுக்கடியில் ரத்தம் கசிந்த புள்ளி மறையாது.

108-ஐக் கூப்பிட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை. அதோடு ரத்தம் சரியாக உறைகிறதா என்று காட்டும் ஃபைப்ரினோஜன், டி-டைமர் என்று இரண்டு பரிசோதனைகளும் வேண்டியிருக்கும். "புள்ளைக்கு ஊதாக் கட்டி இருக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். துணியால் சுற்றிய பிள்ளையின் காய்ச்சலை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிய கதைகள் உண்டு.

"தட்டணு குறையுறது டெங்குல தானே? கட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

டெங்கு புண்ணியத்தில் நம் ஊரில் பாட்டிக்குக்கூட பிளேட்லெட் என்றால் தெரிகிறது. அதனாலேயே ஒரு குழப்பமும் வருகிறது. மழைக்காலத்தில் பிள்ளைக்குத் தட்டணு குறைந்தால் எல்லாரும் டெங்கு என்றே நினைக்கிறார்கள்.

செவுள் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் அதுபாட்டுக்கு நீந்திப் போகும்போது கண்ணியில் செவுள் மாட்டிக்கொள்கிறது. கேஎச்இ கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் அப்படித் தாறுமாறாக முடிச்சிட்டுக் கிடக்கும். உடம்பு முழுக்கச் சுற்றி வரும் தட்டணுக்கள் அதில் சிக்கித் தீர்கின்றன. ரத்தம் உறைய வேண்டிய மற்றப் பொருட்களும் அங்கேயே செலவாகின்றன. மற்ற இடத்துக்கு மிச்சமில்லை. சாதாரணமாக 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணு, 25,000-க்கும் கீழே போகும். உள்ளே கசியும் ரத்தத்தில் கட்டி வீங்குகிறது, வீங்கிய கட்டி இன்னும் சிக்க வைக்கிறது.

இதற்குக் கசபாக்-மெரிட் நிகழ்வு என்று பெயர். 1940-ல் அமெரிக்காவில் இரண்டு டாக்டர்கள் ஒரு கைக்குழந்தையில் இதைப் பார்த்து எழுதினார்கள், அவர்கள் பெயர்தான் அது. சாதாரண ஹெமாஞ்சியோமா பெரிதானால் இப்படி ஆகும் என்றே ஐம்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1997-ல்தான் இது கேஎச்இ, டஃப்டட் ஆஞ்சியோமா இரண்டின் வேலை என்று தெளிவானது. ஆகவே முதல் கேள்வியில் சொன்ன கோவைப்பழப் பொட்டுக்காரர்கள் தட்டணுவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அப்ப பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாம்ல?"

கூடாது. இரண்டு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எந்தச் சாறும் கூடாது. உடம்பு தட்டணு செய்யாமல் குறையவில்லை, வலையில் சிக்கிக் குறைகிறது. வலையை எடுக்காமல் மீன் குஞ்சு விட்டு என்ன பிரயோஜனம்?

"ஒம்பதாயிரம்னு சொல்றாங்க, ஆனா தட்டணு ஏத்த மாட்டேங்கிறாங்க. காசு இல்லைன்னு நினைச்சுட்டாங்களோ?"

இல்லை. மேலே சொன்ன வலைதான் காரணம். ஏற்றுகிற தட்டணுவும் சில மணி நேரத்தில் அதே கட்டிக்குள் போய்ச் சிக்கும். கட்டி இன்னும் வீங்கும், வலி கூடும். கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறது, அல்லது ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்றால் ஏற்றுவார்கள். எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் ஏற்றாமல் இருப்பது நல்ல டாக்டர் செய்கிற காரியம். நம் ஆட்கள் இதற்காக வார்டில் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தட்டணு குறைவாக இருக்கும்போது இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், அவை இருக்கிற தட்டணுவையும் வேலை செய்ய விடாது.

"எங்க மாமியார் இது அக்கின்னு சொல்லி எழுதக் கூட்டிட்டுப் போறாங்க. தடுக்கவா வேண்டாமா?"

அக்கி எழுதுவதில் உள்ள ஆபத்து காவியில் இல்லை. காவி பூசினால் கட்டியின் நிறம் மறைந்துபோகிறது. ஊதா கறுத்ததா, பக்கத்தில் புள்ளி வந்ததா என்று மூன்று நாள் யாரும் பார்க்க முடியாது. அந்த மூன்று நாள்தான் முக்கியம். மாமியாரிடம் சண்டை வேண்டாம். "முதல்ல ரத்தம் பார்த்துட்டு வந்துருவோம் அத்தை, அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லுங்கள்.

சூடு போடுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது, மஞ்சள் சுண்ணாம்பு பூசுவது இவற்றைத் தடுத்தே ஆக வேண்டும். தோல் புண்ணானால் ரத்தம் நிற்காது, சீழும் பிடிக்கும். ஏர்வாடியில் ஓதி வாங்கி வந்த கயிற்றை, கட்டி வந்திருக்கும் காலில் சுற்றாதீர்கள், வீக்கம் வந்தால் இறுக்கும். கழுத்தில் போட்டாலும் பிள்ளைக்கு ஆபத்து. தொட்டில் கம்பில் கட்டிவிடலாம். இதுவரை எந்த உம்மாவும் என்னோடு இதற்குக் கோபித்ததில்லை.

"கிரகணத்தப்போ வெளிய வந்துட்டேன். அதனாலயா?"

இல்லை.

"பேரைக் கூகுள்ல போட்டா எய்ட்ஸ்னு வருது. எங்க ரெண்டு பேரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லணுமா? என் வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு, அவர்கிட்ட எப்படிக் கேப்பேன்?"

கீழக்கரையிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டது. இந்தக் குழப்பத்தில் ஒரு குடும்பம் உடைந்திருக்கும்.

கபோசி என்பது ஒரு தோல் மருத்துவரின் பெயர். அவர் விவரித்த கபோசி சார்கோமா வேறு நோய். அதற்கு ஒரு வைரஸ் காரணம், எச்ஐவி உள்ளவர்களிடம் அதிகம் வரும். கேஎச்இ கட்டியின் சதையை நுண்ணோக்கியில் பார்த்தால் சில இடங்கள் அதைப் போலத் தெரிகின்றன. அதனால் "கபோசிஃபார்ம்", அதாவது கபோசி மாதிரி உருவம் கொண்டது என்று வைத்தார்கள். அந்த வைரஸுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. எச்ஐவிக்கும் இல்லை. உங்கள் கணவருக்கும் இல்லை.

புற்றா என்றால், வழக்கமான அர்த்தத்தில் இல்லை. நுரையீரல், மூளை என்று தூரத்துக்குப் பரவுவதில்லை. ஆனால் இருக்கிற இடத்தில் தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, எலும்பு வரை ஊடுருவும். அதனால்தான் "வெட்டி எடுத்துருங்க" என்று சொல்லிவிட முடிவதில்லை. தட்டணு மிகக் குறைந்திருக்கும்போது சதை எடுத்துப் பரிசோதிப்பதையும் தள்ளிப்போட்டு, எம்ஆர்ஐயையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்தே வைத்தியம் தொடங்குவது உண்டு.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்துலயே கட்டி போச்சு. எங்களுக்கு ஏன் வேற மருந்து?"

அந்தப் பிள்ளைக்கு இருந்தது சாதாரண ஹெமாஞ்சியோமா, மருந்து புரோப்ரனலால். பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை அது. பிரான்ஸில் போர்தோ நகரத்தில் இதயக் கோளாறுக்காக அதைக் கொடுத்த குழந்தையின் முகக் கட்டி தற்செயலாகச் சுருங்கியதைக் கவனித்து 2008-ல் எழுதினார்கள். அதன்பிறகு உலகம் முழுக்க ஹெமாஞ்சியோமாவுக்கு அதுதான் முதல் மருந்து. முக்கியமான எச்சரிக்கை: வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. பிள்ளை வாந்தி எடுக்கிறது, பால் குடிக்கவில்லை, இளைப்பு இருக்கிறது என்றால் அந்த வேளை மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். பால் குடிக்காத வயிற்றில் மருந்து போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பிள்ளை வியர்த்து, சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேஎச்இ-க்கு அது மட்டும் போதாது. ஸ்டீராய்டு, வின்கிரிஸ்டின், சிரோலிமஸ் இவற்றில்தான் வைத்தியம். சென்ற பதினைந்து வருடத்தில் சிரோலிமஸ் முன்னுக்கு வந்துவிட்டது. பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் கண்டெடுத்த மருந்து அது. எங்கோ ஒரு தீவின் மண் பாம்பன் பிள்ளையின் தொடையைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

"சிரோலிமஸ் கொடுக்கிறோம். எதுல கவனமா இருக்கணும்?"

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க அவ்வப்போது கூப்பிடுவார்கள். அன்றைக்குக் காலை மருந்தை ரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். விடியற்காலை நாலரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தாய் வழக்கம்போல மருந்தைப் புகட்டிவிட்டுக் கிளம்பி, மதுரைக்குப் போய்ச் சேர்ந்து, "அளவு தப்பா வரும், நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பியது ஒரு தடவை அல்ல. முதல் நாள் இரவே மருந்து டப்பாவை ஒரு துணியில் முடிந்து பைக்குள் போட்டுவிடுங்கள். முடிச்சு இருந்தால் கை நிற்கும்.

இந்த மருந்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். எந்தக் காய்ச்சலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய காய்ச்சல். கூடவே கோட்ரைமாக்சசோல் எழுதியிருந்தால் அது நிமோனியா வராமல் தடுக்க. "டானிக் தானே" என்று ஒருவர் அதை நிறுத்திவிட்டார். வாயில் புண் வரலாம், ரத்தக் கொழுப்பு ஏறலாம். வேறு எந்த டாக்டரிடம் சளிக்குப் போனாலும் சிரோலிமஸ் பெயரை முதலில் சொல்லுங்கள், சில ஆன்டிபயாடிக்குகளும் பூஞ்சை மருந்துகளும் அதன் அளவை ஏற்றிவிடும்.

"தடுப்பூசி போடலாமா?"

இது என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை, அதாவது போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, ஒன்பது மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, பிசிஜி, இவற்றை சிரோலிமஸ் அல்லது அதிக ஸ்டீராய்டு ஓடும்போது டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், போலியோ ஊசியான ஐபிவி, நிமோகோக்கல் போன்றவை உயிரற்றவை, போடலாம். ஆனால் தட்டணு மிகக் குறைந்திருக்கும்போது சதையில் ஊசி வேண்டாம், ஏறிய பிறகு போட்டு நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பென்டாவேலன்ட்டை இடது தொடையில் போடுவது எங்கள் வழக்கம். கட்டி இடது தொடையில் என்றால் பிள்ளையின் துணியை விலக்கும் முன்னேயே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கூட்டமான புதன்கிழமையில் கை பழக்கத்தில் போய்விடும். வீட்டில் மற்றப் பிள்ளைக்குப் போலியோ சொட்டு கொடுக்கும் நாள் வந்தால் அதையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சொட்டுக் கிருமி சில வாரங்கள் மலத்தில் வெளியேறும்.

"மீன் கொடுக்கலாமா? சூடு கிளப்பும்ங்கிறாங்களே. கடல் தண்ணி பட்டா?"

ஆறு மாதத்துக்கு மேல் முள் நீக்கி வேகவைத்த மீன் தாராளமாகக் கொடுங்கள். தாய்க்கும் பத்தியம் இல்லை. சிரோலிமஸ் எடுக்கும் பிள்ளைக்கு கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் இரண்டும் மட்டும் வேண்டாம், மருந்தின் அளவை ஏற்றும்.

தோல் புண் இல்லாவிட்டால் கடல் தண்ணீர் ஒன்றும் செய்யாது. புண் இருந்தால் ஆறும்வரை இறக்காதீர்கள். சிப்பி கிழித்த சின்னக் கீறலும் சிரோலிமஸ் பிள்ளைக்குச் சின்னது இல்லை.

"தோல்ல ஒண்ணுமே இல்ல. வயிறு மட்டும் உப்பிட்டே போகுது. அதுக்கும் இதுதானா?"

இருக்கலாம். கேஎச்இ சில பிள்ளைகளுக்குத் தோலில் தலைகாட்டாமல் வயிற்றின் பின்பக்கமோ நெஞ்சுக்குள்ளோ வளரும். தட்டணு பிரச்சினை அங்கேதான் இன்னும் அதிகம். காரணமில்லாமல் தட்டணு குறைந்த கைக்குழந்தைக்கு ஸ்கேன் எடுப்பது இதனால்தான்.

இன்னொரு விதமும் உண்டு. தோலில் சின்னச் சின்ன ஹெமாஞ்சியோமா ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரலை ஸ்கேன் செய்வார்கள். கல்லீரலில் நிறைய இருந்தால் அவை தைராய்டு சுரப்பைத் தின்றுவிடும், இதயத்துக்கும் பாரம். பிறந்தபோது எடுத்த தைராய்டு பரிசோதனை சரியாக இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது, இது பிறகு வருவது.

"தட்டணு ரெண்டு லட்சம் ஆயிடுச்சு. கட்டியும் சுருங்கிடுச்சு. இனிமே மதுரைக்குப் போக வேண்டியதில்லையே?"

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இது பயந்து கேட்பது அல்ல, நிம்மதியில் கேட்பது. சாதாரண ஹெமாஞ்சியோமா அடங்கினால் அடங்கியதுதான், தொளதொளத்த தோலோ தழும்போ மிஞ்சலாம், அவ்வளவே. கேஎச்இ முழுக்கக் கரைந்து போவது அரிது. உள்ளே நார் போல இறுகி மிச்சம் இருக்கும். மருந்தை நிறுத்தினால் சிலருக்கு மறுபடி வீங்கும். அதனால்தான் மெதுவாகக் குறைத்து நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகும் வரச் சொல்கிறார்கள்.

தட்டணு ஒரு தடவைகூடக் குறையாத பிள்ளைக்கும் இது பொருந்தும். தட்டணு குறையவில்லை என்றால் கட்டி சாது என்று அர்த்தமில்லை. மூட்டுக்குப் பக்கத்தில், சதைக்குள் ஆழமாக இருந்தால் அது சத்தமில்லாமல் மூட்டை இறுக்கும்.

"பின்னால என்னென்ன வரும்? எதை வச்சு நாங்க கண்டுபிடிக்கிறது?"

மூட்டு மடங்காமல் போவது, நிமிராமல் போவது. ஒரு கால் மற்றதைவிட நீளம் குறைவாக வளர்வது. முதுகுப் பக்கம் கட்டி என்றால் முதுகெலும்பு வளைவது. நிணநீர் தேங்கிக் கால் வீங்குவது. சாயங்காலம் ஓடி விளையாடிவிட்டு வந்ததும் வலி. ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ, பருவமடையும் வயதிலோ வலியும் வீக்கமும் திரும்புவது. எல்லாம் ஒரே பிள்ளைக்கு வராது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்த இடது தொடைப் பிள்ளைதான். மூன்றரை வயதில் நிறம் எல்லாம் போய், லேசான பழுப்பு மட்டும் இருந்தது. அவள் அம்மா, "நல்லா ஓடுறா" என்றாள். ஒருநாள் மாலை அலை விலகிய ஈர மணலில் அவள் நடந்து போக, பின்னால் போன நான் தடத்தைப் பார்த்தேன். வலது காலின் குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. இடது காலுக்கு விரல்கள் மட்டும், குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் மணல் அப்படியே இருந்தது. நுனிக்காலில் ஓடியிருக்கிறாள், யாருக்கும் தெரியவில்லை. பிசியோதெரபி, இரவில் கட்டும் ஸ்பிளிண்ட், பிறகு ஒரு செருப்பில் மட்டும் சற்று உயரம் என்று போனது. இப்போது குதிகால் தரையைத் தொடுகிறது. வலி வரும் நாள்களும் உண்டு.

ஆகவே மாதம் ஒரு தடவை ஈர மணலில் நடக்கவிட்டுப் பாருங்கள். வீட்டில் என்றால் காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில். சம்மணம் போடச் சொல்லுங்கள், குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள், குதிகால் தூக்குகிறதா பாருங்கள். ஒரு செருப்பு மட்டும் நுனியில் தேய்ந்தால் அதுவும் சேதிதான். மூட்டு இறுகி வருடமானால் திருப்புவது கஷ்டம், இறுக ஆரம்பிக்கும்போது பிடித்தால் முடியும்.

"பொம்பளைப் புள்ளை. நாளைக்குக் கட்டிக் குடுக்கணும், பேறுகாலம் பார்க்கணும். அடுத்த புள்ளைக்கும் வருமா?"

அடுத்த பிள்ளைக்கு வரும் என்பதற்குக் காரணம் இல்லை. இது பரம்பரையாக வருகிற நோய் அல்ல, வம்சத்தில் கறை என்று பேசுகிறவர்கள் வாயை இதைச் சொல்லி அடைக்கலாம். பெரியவளாகிப் பிள்ளை பெறவும் இது தடையில்லை. ஆனால் கர்ப்பத்தில் பழைய இடம் வீங்குவது, வலிப்பது சிலருக்கு நடந்திருக்கிறது. அதனால் அவளுக்குத் தன் உடம்பில் இருந்தது என்ன என்று பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மறைத்து வளர்த்தால், பேறுகாலத்தில் டாக்டர் கேட்கும்போது "சின்ன வயசுல ஏதோ மச்சம்" என்றுதான் சொல்லத் தெரியும்.

"செலவு? தடைக்காலத்துல கையில ஒண்ணும் இருக்காதே."

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலில் இறங்காது. அந்த நாள்களில்தான் பரிசோதனைக்குப் போகாமல் விடுபடுகிறார்கள், மருந்தும் விட்டுப்போகிறது. அடுத்த தேதி அந்த இடைவெளியில் வருகிறதா என்று டாக்டரின் அறையிலேயே பார்த்து, மருந்தைச் சேர்த்து எழுதித்தர முடியுமா என்று கேளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பிள்ளையின் பெயர் அட்டையில் சேர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள், கைக்குழந்தை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தச் சிகிச்சை அதில் அடங்கும், எது அடங்காது என்பதை ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். மாவட்ட மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பிசியோதெரபிக்கு ஒவ்வொரு தடவையும் மதுரை போகத் தேவையில்லை. சந்தேகத்துக்கு 104, அரசு சுகாதார உதவி எண்.

"இத்தனை சீட்டு, ஸ்கேன் எல்லாம் எத்தனை வருஷம் வச்சிருக்கணும்?"

பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு, மேலே சொன்னதைப் படித்தால் அது விளையாட்டு இல்லை என்று தெரியும். முதல் ரத்த அறிக்கை, எம்ஆர்ஐ அறிக்கை, மருந்து தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி இந்த நான்கும் கட்டாயம். மாதம் ஒரு போட்டோ, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள், அளவு தெரியும். போன் தண்ணீரில் விழுவது நம் ஊரில் வாடிக்கை, அதனால் உறவுக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். காகிதத்தை மீன் பெட்டிக்குப் போடுகிற கெட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு, புயல் எச்சரிக்கை வந்தால் ரேஷன் அட்டையோடு சேர்த்து எடுக்கிற இடத்தில் வையுங்கள்.